காற்றிறங்கிய பிறகும் ஓடும் டயர்: செட்டிநாட்டுச் சாலைகளில் ரன்-ஃபிளாட் காரைப் பத்திரமாக ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறத்தாழ ஒரே தூரம்தான்: 90 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். காற்று முழுவதும் இறங்கிவிட்ட ரன்-ஃபிளாட் டயர் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லும் கணக்கு 80 கிலோமீட்டர். அதுவும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாவிட்டால். உயர் ரகக் கார்களுக்கான டயர் அளவுகள் இங்கே கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மதுரை, திருச்சி அல்லது சென்னையிலிருந்துதான் வர வேண்டும். ஆக, டயர் தரும் தூரம் கடை இருக்கும் தூரத்துக்குக் கொஞ்சம் எட்டாமல் நிற்கிறது. இந்தப் பகுதியில் ரன்-ஃபிளாட் ஓட்டுபவர்கள் படும் பாட்டில் பாதி இந்த இடைவெளியால் வருவது.

எனவே இந்த டயரை நம்பிக் கடைவரை போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எங்கே நிறுத்துவது என்பதை நீங்களே தேர்ந்துகொள்ள அது அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தை வண்டி கிளம்பும் முன்பே முடிவு செய்திருந்தால் மட்டுமே அவகாசம் பயன்படும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே. பழைய உயர் ரகக் காரைப் புதிதாக வாங்கியவர்களும், கல்யாணம், படைப்பு (குடும்பத்து முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்று சென்னையிலிருந்து வண்டியை ஓட்டிவரும் ஓட்டுநர்களும்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. முதலில் நான்கு டயர்களையும் படியுங்கள்

காரில் ஸ்டெப்னி இல்லை, ஆகவே இது ரன்-ஃபிளாட்தான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பழைய உரிமையாளர் விலையைப் பார்த்தோ, சவாரி முரட்டுத்தனமாக இருக்கிறது என்றோ சாதாரண டயர்களை மாட்டியிருக்கலாம். இரண்டு டயரை மட்டும் மாற்றியிருக்கலாம். சாதாரண டியூப்லெஸ் டயர் காற்றில்லாமல் சில நூறு மீட்டர் ஓடினாலே கிழிந்துபோகும். அதை ரன்-ஃபிளாட் என்று நம்பி ஓட்டினால் ரிம்மும் போகும், கட்டுப்பாடும் போகும்.

டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, மிஷெலின் என்றால் இசட்பி, கான்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர், குட்இயர் என்றால் ஆர்ஓஎஃப் என்ற எழுத்துகள் இருக்கும். அளவு எழுதியிருக்கும் இடத்தில் 225/45 என்பதற்குப் பின் வெறும் ஆர் இல்லாமல் ஆர்எஃப் என்று இருந்தாலும் அது ரன்-ஃபிளாட்.

இரண்டு குறிகளில் ஏமாறுகிறார்கள். பிஎம்டபிள்யூ கார் டயர்களில் உள்ள நட்சத்திரக் குறி, அந்த டயர் அந்தக் காருக்கு ஏற்றது என்று மட்டுமே சொல்கிறது. ரன்-ஃபிளாட் அல்லாத டயரிலும் அது இருக்கும். மெர்சிடிஸ் டயரில் எம்ஓ என்றிருந்தால் சாதாரண டயர், எம்ஓஇ என்றிருந்தால்தான் ரன்-ஃபிளாட். ஓர் எழுத்துதான் வித்தியாசம். நான்கு டயர்களின் குறிகளையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது டயர் கேட்டுக் கடைக்குப் பேசும்போது அந்தப் படத்தை அனுப்பினால் போதும்.

நான்கில் ஒன்று சாதாரண டயராக இருந்தாலும், இந்தக் காரை ரன்-ஃபிளாட் காராகக் கருத வேண்டாம். எந்தச் சக்கரத்தில் முள் ஏறும் என்று யாருக்குத் தெரியும்?

2. டிக்கியில் என்ன இருக்க வேண்டும்

காற்று அளக்கும் சொந்த கேஜ் ஒன்று. சிகரெட் லைட்டர் துளையில் செருகி ஓட்டும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று. சிவப்பு எச்சரிக்கை முக்கோணம், நல்ல டார்ச், கனமான கையுறை. காரின் கையேடு தமிழ்நாட்டு வெயிலில் டேஷ்போர்டுக்குள் கிடந்து சுருண்டாலும் பரவாயில்லை, வண்டியிலேயே இருக்கட்டும். உங்கள் கார் காற்றில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்ற துல்லியமான எண் அதில்தான் இருக்கிறது. இங்கே நான் சொல்லும் 80க்கு 80 பொதுக் கணக்கு.

இழுவை வண்டி வைத்திருப்பவரின் எண், நீங்கள் போகும் திசையில் உள்ள நகரத்தின் டயர் கடை எண், காப்பீட்டு நிறுவனத்தின் சாலை உதவி எண் ஆகிய மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. ரன்-ஃபிளாட் வண்டியில் பெரும்பாலும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

3. காற்றை விடியற்காலையில் அளங்கள்

சாதாரண டயரில் காற்று குறைந்தால் அடிப்பகுதி பிதுங்கித் தெரியும். டிரைவர் ஒருமுறை காரைச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறிவிடுவார். ரன்-ஃபிளாட்டில் இந்தப் பழக்கம் செல்லாது. அதன் பக்கச் சுவரில் கெட்டியான ரப்பரை உள்ளே வைத்துத் தடிமனாக்கியிருக்கிறார்கள். காற்று அறவே இல்லாதபோதும் வண்டியின் எடையை அந்தச் சுவரே தாங்கும். பார்வைக்கு நிறைந்த டயரும் காலி டயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேஜ் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது, எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும் சரி.

அளப்பதற்கு உரிய நேரம், வெயில் ஏறும் முன், வண்டி நகரும் முன். டயர் சூடானால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஒன்றரையிலிருந்து இரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை கூடுதலாகக் காட்டும். கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி பெட்ரோல் பங்க்குக்கு ஓட்டிப்போய் அளந்தால் அது சூடான டயரின் அளவு. அதிகமாக இருக்கிறதே என்று பங்க்கில் காற்றை இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் டயர் குறைந்த காற்றுடன் நிற்கும். சித்திரை, வைகாசியில் இந்தத் தவறு தினமும் நடக்கிறது. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது. சொந்தப் பம்பு வாங்கச் சொல்வது இதற்காகத்தான்: வீட்டு வாசலிலேயே, குளிர்ந்த நிலையில் வேலை முடிந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் வெயில் படும்படி நிறுத்தியிருந்தால் அந்தப் பக்கத்து டயர்கள் கூடுதலாகக் காட்டும். அதையும் நம்பிச் சரிசெய்யாதீர்கள்.

எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் அல்லது பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் மேல் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு உரிய அளவு அதுவல்ல. வெளிநாட்டுக் கார்களில் பார் என்றோ கிலோபாஸ்கல் என்றோ இருக்கும். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, 2.4 பார் அல்லது 240 கிலோபாஸ்கல் என்றிருந்தால் 35 பிஎஸ்ஐ என்று கொள்ளுங்கள்.

அந்த ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருக்கும்: இரண்டு மூன்று பேருக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. பின்சக்கரங்களுக்கு முழுப் பாரத்தில் கூடுதல் காற்று வேண்டும். ஐந்து பேர், டிக்கி நிறையச் சீர்ப் பாத்திரம் என்று போகும் வண்டியை முதல் வரிசைக் காற்றில் ஓட்டினால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் வளையும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைத்த இடம் சுடுமே, அதே சூடுதான் ரப்பரிலும் ஏறுகிறது. பஞ்சர் ஆவதற்கு முன்பே டயரின் ஆயுள் அங்கே குறைகிறது.

4. எச்சரிக்கை விளக்கைப் பழகிக்கொள்ளுங்கள்

கண்ணுக்குத் தெரியாததைக் காரின் கருவிதான் சொல்ல வேண்டும். அந்தக் கருவி வேலை செய்யாத காரில் ரன்-ஃபிளாட் டயர் போடுவது ஆபத்து. காலி டயரில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள், உங்களுக்கே தெரியாது.

இரண்டு வகை உண்டு. ஒன்றில், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வை ஒட்டி ஒரு சென்சார் இருந்து அழுத்தத்தை நேராக அளக்கும். திரையில் நான்கு எண்கள் தெரியும். மற்றொன்றில் சென்சார் கிடையாது. காற்றிறங்கிய சக்கரத்தின் சுற்றளவு சற்றுக் குறைவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். பிரேக் அமைப்பின் உணரிகள் அதைக் கவனித்து விளக்கைப் போடும். இந்த இரண்டாம் வகை எண் எதையும் காட்டாது. நான்கு டயரிலும் மெதுவாக, ஒரே அளவில் காற்று குறைந்துகொண்டு வந்தால் எளிதில் கண்டுபிடிக்கவும் செய்யாது. சென்னையில் மூன்று மாதம் நிறுத்திவைத்த வண்டியைத் திருவிழாவுக்கு எடுத்துக்கொண்டு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காற்றுப் பிடித்த பிறகு இந்த வகையில் ரீசெட் கொடுக்க வேண்டும். அப்போது இருக்கும் நிலையையே கார் சரியான நிலை என்று எடுத்துக்கொள்ளும். நான் பார்த்த தவறுகளில் மிக மோசமானது இங்கேதான்: விளக்கு எரிந்ததும், தொந்தரவாக இருக்கிறது என்று ரீசெட்டை அழுத்துவது. விளக்கு அணையும். காலி டயரைச் சரியான டயர் என்று காருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். அளக்காமல் ரீசெட் கூடாது.

வண்டியைக் கிளப்பும்போது அந்த விளக்கு சிறிது நேரம் மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், காற்றில் குறையில்லை, கருவியில் குறை என்று பொருள். உள்ளிருக்கும் சென்சார் பேட்டரி தீர்ந்திருக்கலாம். நீண்ட பயணத்துக்கு முன் சரிசெய்துவிடுங்கள்.

5. நிறுத்துமிடங்களை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

பாதையைத் துண்டுகளாகப் பிரியுங்கள். மதுரையிலிருந்து வருகிறீர்கள் என்றால் மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி. திருச்சியிலிருந்து என்றால் புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி. எந்தத் துண்டில் விளக்கு எரிந்தாலும் அடுத்த ஊர் 20 முதல் 55 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். டயரின் கணக்குக்குள் அது வசதியாக அடங்கும். விதி எளிது: விளக்கு எரிந்தால் பயணத்தின் இலக்கு மாறிவிட்டது, இனி அடுத்த ஊர்தான் இலக்கு.

முன்னால் உள்ள ஊரைவிடப் பின்னால் விட்டுவந்த ஊர் பக்கம் என்றால் திரும்பிப் போவதே சரி. இதைச் செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை. திருமயம் தாண்டி ஐந்து கிலோமீட்டரில் விளக்கு எரிந்தால், காரைக்குடிதானே என்று முன்னாலேயே போகிறார்கள். அங்கே அது ஓரளவு நியாயம். புதுக்கோட்டையை விட்டு இரண்டு கிலோமீட்டர் வந்தபோது எரிந்தாலும் அப்படியே போவதுதான் நியாயமில்லை.

ஊருக்குள் எங்கே? பெட்ரோல் பங்க், பஸ் நிலையத்தை ஒட்டிய அகலமான இடம், கோயில் வாசல் திடல் போன்ற தரை இறுகிய இடங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி போன்ற ஊர்களில் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் இருப்பதால் ஓரம் கட்டுவது எளிது; இழுவை வண்டியும் உள்ளே வரும்.

6. விளக்கு எரிந்ததும் முதல் ஐந்து நிமிடம்

பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் தானாகக் குறையட்டும். முன்டயர் என்றால் ஸ்டீயரிங் கனத்து ஒரு பக்கம் இழுக்கும். பின்டயர் என்றால் வண்டியின் பின்பகுதி லேசாக அலையும். இரண்டுமே ரன்-ஃபிளாட்டில் மெல்லியதாகத்தான் தெரியும். ஒன்றுமே தெரியவில்லை, ஆகவே விளக்குதான் பொய் என்று நினைப்பவர்கள் நிறைய பேர்.

வேகம் 60க்குக் கீழ் வந்ததும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். எத்தனை கிலோமீட்டர் இப்படி ஓடியது என்பதுதான் பின்னர் டயரைப் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி. பதில் தெரியாத டயரை யாரும் நம்பி ஒட்டித் தரக்கூடாது.

பிறகு, ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இறுகிய தரையாகப் பார்த்து ஒருமுறை நிறுத்துங்கள். ரன்-ஃபிளாட்டுக்கு நிறுத்தவே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் நிறுத்தச் சொல்வேன். பாதிக் காற்று இருக்கிறதா, அறவே இல்லையா, பக்கச் சுவர் கிழிந்திருக்கிறதா என்று பல கார்களின் விளக்கு சொல்லாது. மூன்றுக்கும் அடுத்த நடவடிக்கை வேறு.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில் கவனம். நம் பக்கத்துச் சாலையோரம் முழுவதும் சீமைக் கருவேலம். வெட்டிப்போட்ட கிளைகள் மண்ணில் புதைந்து கிடக்கும். தார்ச்சாலையை விட்டு ஓரத்து மண்ணில் நான்கு சக்கரத்தையும் இறக்கினால் இன்னொரு டயரிலும் முள் ஏறிவிடும். ஒரு பஞ்சருக்கு உதவும் வண்டி இரண்டு பஞ்சருக்கு உதவாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் ஓரம் இளகிச் சக்கரம் புதையவும் செய்யும். பஸ் நிறுத்தம், ஊர் நுழைவு வளைவு, கடை முகப்பு என்று கெட்டித் தரை வரும்வரை மெல்லப் போங்கள்.

நிறுத்தியபின் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்து, பயணிகளை வண்டிகள் போகாத ஓரப் பக்கமாக இறக்குங்கள். பிறகு நான்கு டயரையும் அளங்கள்.

காற்று குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது என்றால்: சிறு பம்பால் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் அளங்கள். நின்றால், மிதமான வேகத்தில் அடுத்த ஊருக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம்.

காற்றே இல்லை, ஆனால் பக்கச் சுவர் முழுதாக இருக்கிறது, டயர் ரிம்மில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது என்றால்: அடுத்த படிக்குப் போங்கள்.

பக்கச் சுவரில் வெட்டு, வீக்கம், ரிம்மில் விரிசல் இருந்தாலோ, இரண்டு டயர்கள் காலியாகியிருந்தாலோ அங்கேயே இருங்கள். எடையைத் தாங்குவது அந்தச் சுவர்தான். அது கிழிந்தபின் இது ரன்-ஃபிளாட் அல்ல.

முள்ளோ ஆணியோ தெரிந்தால் பிடுங்காதீர்கள். அது ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டு நிற்கிறது.

7. காலி டயரில் ஓட்டும் விதம்

80 என்பது உச்ச வரம்பு. நம் வெயிலுக்கும் நம் வேகத்தடைகளுக்கும் 50 முதல் 60 போதும் என்பது என் எண்ணம். நிறுவனத்தின் கணக்கு வழக்கமான பாரத்தை மனதில் வைத்தது. ஐந்து பேரும் நிறைந்த டிக்கியும் அந்தத் தூரத்தைக் குறைத்துவிடும். துணைக்கு வேறு வண்டி வந்தால் ஆட்களையும் பாத்திரங்களையும் அதற்கு மாற்றுங்கள். காலியான டயரின் மேலுள்ள பாரத்தையாவது எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள்.

திருப்பங்களில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். இடது டயர் காலி என்றால் வலதுபக்கம் திரும்பும்போது கூடுதல் கவனம்; வலது டயர் என்றால் இடதுபுறத் திருப்பத்தில். பிரேக் தூரம் நீளும். ஆகவே முன்னால் போகும் லாரிக்கும் உங்களுக்கும் இருமடங்கு இடைவெளி விடுங்கள், முந்த வேண்டாம். ஈஎஸ்பியை அணைக்கவே கூடாது. வண்டி வழுக்கப் பார்க்கும்போது பிடித்து நிறுத்துவது அதுதான்.

வேகத்தடைகளில் நடை வேகம். கிராமத்துப் பள்ளிக்கூட வாசலில் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையில் 40இல் ஏறினால், காற்று மெத்தை இல்லாத ரிம் நேராக இடிவாங்கும். தை மாதம் என்றால் குன்றக்குடிப் பாதையில் பழனிக்கு நடப்பவர்கள் விடியலுக்கு முன்பே சாலையோரம் நிறைந்திருப்பார்கள். ஓரம் கட்டிப் போக வழியிருக்காது. இரண்டு ஊர் தள்ளிப் போவோம் என்று நினைக்காமல், முதல் வசதியான இடத்திலேயே நிறுத்துங்கள்.

வண்டி ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே போகாதீர்கள். எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. இடது ஓரத் தடத்தில் சீராகப் போனால் போதும்.

வண்டிக்குள் இருப்பவர்களைச் சமாளிப்பது தனி வேலை. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, வண்டியும் குலுங்காமல் ஓடுகிறது. "நன்றாகத்தானே போகிறது தம்பி, அப்படியே போய்விடேன்" என்று பின்னிருக்கை ஆச்சி சொல்வார். "போகும் ஆச்சி, ஆனால் எதுவரை போகும் என்று டயர் சொல்லாது. திருப்பத்தூரில் வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டேன்" என்று ஓட்டுநர் பதில் சொல்ல முடிந்தால் பிரச்சினை முடிந்தது. மாற்று வண்டிக்கு முதலில் போன் செய்துவிட்டுப் பிறகு பயணிகளிடம் பேசுங்கள். வரிசை மாறினால் வாதம்தான் வளரும்.

இன்னொரு தவறு, 80 கிலோமீட்டரைப் பெட்ரோல் கணக்காகப் பார்ப்பது. "முப்பது ஓடியாயிற்று, இன்னும் ஐம்பது இருக்கிறது" என்பார்கள். விளக்கு எரிந்தபோதுதான் காற்று போக ஆரம்பித்தது என்பதற்கு உறுதி கிடையாது. பல கார்களில் கால்வாசிக் காற்று போன பிறகுதான் விளக்கே எரியும். நடுவில் டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்தினால் கணக்கு புதிதாகத் தொடங்குவதும் இல்லை. சூடு தணியும், உள்ளே சிதைந்த ரப்பர் சிதைந்ததுதான்.

8. உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

ரப்பர் கருகும் நாற்றம், புகை, தட் தட் என்று ஒழுங்காக வரும் சத்தம், திடீரென ஸ்டீயரிங் நடுங்குவது. இவற்றில் எது வந்தாலும் எத்தனை கிலோமீட்டர் மீதமிருக்கிறது என்று பார்க்காதீர்கள், நிறுத்துங்கள். டயரைத் தொடாதீர்கள், சுடும். தண்ணீர் ஊற்றி ஆறவைத்து மேலும் ஓட்டலாம் என்ற யோசனை வேண்டாம். காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் வகை இழுவை வண்டியைக் கேளுங்கள்.

9. பஞ்சர் கடையில் சொல்ல வேண்டியவை

நம் ஊர் பஞ்சர் கடைக்காரர்கள் சாதாரண டியூப்லெஸ் டயரில் கெட்டிக்காரர்கள். டயரைக் கழற்றாமலே பிசின் தடவிய ரப்பர் நாரைத் துளையில் சொருகி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். காலியாக ஓடிய ரன்-ஃபிளாட்டுக்கு அந்த வேலை போதாது. சேதம் துளையில் இல்லை; பக்கச் சுவரின் உட்புறத்தில் இருக்கிறது. வெளியே புதுசுபோல் இருக்கும் டயரை ரிம்மிலிருந்து கழற்றினால், உள்ளே ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும். சுவரைச் சுற்றிச் சுருக்கமோ, தேய்ந்த வளையமோ, நிறமாற்றமோ தெரியும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த டயர் முடிந்தது.

கழற்றிப் பார்க்காமல் ஒட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றுவதற்கும் இயந்திரம் வேண்டும், அதிலும் பக்கச் சுவரை அழுத்திப் பிடிக்கும் துணைக் கை உள்ள இயந்திரம். கடப்பாரையால் நெம்பினால் கெட்டிச் சுவர் வளையாது, டயரின் விளிம்பு கிழியும், வால்வடியில் உள்ள சென்சாரும் உடையும். சென்சார் இருப்பதைக் கடைக்காரருக்குச் சொல்லி, வால்வுக்குத் தள்ளிய பக்கத்திலிருந்து விளிம்பைத் தளர்த்தச் சொல்லுங்கள். இயந்திரம் இல்லாத கடை என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

ஒட்டலாமா என்ற கேள்விக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பதில் வேறு. சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். சிலர் காலியாக ஓடாத டயரை மட்டும் ஒட்ட அனுமதிக்கிறார்கள். பொதுவாக, துளை தரையில் படும் நடுப்பகுதியில் இருக்க வேண்டும், 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, உள்ளிருந்து காளான் வடிவ பேட்ச் வைத்து அடைக்க வேண்டும். பக்கச் சுவரில் துளை என்றால் பேச்சே இல்லை. கருவேல முள் ஒன்றைப் பிடுங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நுனி ஒடிந்து உள்ளே தங்கியிருக்கும், பக்கத்திலேயே இரண்டாவது முள்ளும் இருக்கும். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டப்பாவில் வரும் பஞ்சர் திரவத்தைக் கையேடு அனுமதித்தால் மட்டும் ஊற்றுங்கள். சென்சாரின் துளையை அது அடைத்துவிடக்கூடும்.

10. புது டயர், அல்லது வேறு வகை டயர்

அளவு மட்டும் பொருந்தினால் போதாது. அளவுக்குப் பின்னால் உள்ள எண் டயர் தாங்கும் எடையையும் எழுத்து வேகத்தையும் குறிக்கும். 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ. பழையதைவிடக் குறைந்த எண்ணை வாங்கக்கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. அதிகம் விற்காத அளவுகள் கடையில் நெடுநாள் கிடக்கும் என்பதால் இதைப் பார்த்தே வாங்குங்கள்.

ஒரே அச்சில் உள்ள இரண்டு டயரையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. ஒன்று புதிது, ஒன்று மொட்டை என்றால் மழையில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நான்கு சக்கர இயக்கம் உள்ள கார் என்றால் நான்கின் தேய்மானமும் நெருக்கமாக இருக்க வேண்டும், கையேட்டைப் பாருங்கள். மாட்டியபின் போல்ட்டுகளை எதிரெதிராக, உரிய முறுக்கு அளவில் இறுக்கச் சொல்லுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்த்து, குளிர்ந்த டயரில் காற்றை அளந்து, அதற்குப் பிறகே ரீசெட்.

விலையும் முரட்டுச் சவாரியும் போதும், சாதாரண டயருக்கே போகிறேன் என்றால் அதில் தவறொன்றும் இல்லை. நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் மூன்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். பலரும் பம்பு மட்டும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள், சுவர் கிழிந்தால் பம்பு உதவாது. அதே விளக்கு இனி வேறு செய்தி சொல்கிறது: அடுத்த ஊர்வரை போகலாம் என்ற அவகாசம் கிடையாது, பாதுகாப்பாக ஒதுங்கி உடனே நிறுத்த வேண்டும். கல்யாண சீசனில் ஒரே வண்டியை நாளுக்கு ஒரு டிரைவர் ஓட்டுவார். சாதாரண டயர், காற்றிறங்கினால் உடனே நிறுத்தவும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.